எய்தவன் எங்கே?
('வில்வித்தையில் ஜென்' என்னும் நூல் குறித்து ஒரு திறனாய்வு)

கீழ்நாட்டுப் போர்க்கலைகளை உடல் வலிமைக்கான பயிற்சியாக மட்டுமன்றி, உள்ளத்தைப் பண்படுத்தும் ஒரு நெறியாகவே உலகம் நோக்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். அந்த நோக்கினைப் பரப்பிய நூல்கள் சிலவே. அவற்றுள் அளவிற் சிறியதும் செல்வாக்கிற் பெரியதுமானது, ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் ஆய்கன் ஹெரிகல் எழுதிய 'வில்வித்தையில் ஜென்' என்பதாகும். 1948-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த இந்நூல், 1953-இல் டி.டி. சுஸுகியின் முன்னுரையுடன் ஆங்கிலத்தில் வந்தது. ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் இதனைத் தம் தொழிலுக்கே வழிகாட்டியாகக் கொண்டார். 1974-இல் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் ஜென்னையும் இணைத்து ராபர்ட் பிர்சிக் எழுதிய புகழ்பெற்ற நூல் தன் தலைப்பையே இதனிடமிருந்துதான் பெற்றது.

இந்நூலை நம் சங்க மலரில் ஆராயப் புகுவதற்குக் காரணம் உண்டு. மாலை ஐந்து மணி ஆனதும் வெள்ளைச் சீருடையும் இடுப்புப் பட்டையுமாகச் சமூகக் கூடத்தை நோக்கி ஓடும் பிள்ளைகளை நம் குடியிருப்புகளில் நாள்தோறும் காண்கிறோம். என் மகனும் அவர்களுள் ஒருவன். "அடிதடி கற்கவா பிள்ளையை அனுப்புகிறீர்கள்?" என்று ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் கேட்டால், நாம் சொல்லும் விடை ஏறத்தாழ ஒன்றே: கைகால் வீசுவதற்கன்று, மனம் அடங்குவதற்கு, ஒழுக்கம் வரும், கோபம் தணியும், கவனம் கூடும். இவ்விடை நம்மிடம் தானாகப் பிறந்ததன்று. ஹெரிகலைப் படித்தவர்களும், அவர்களிடம் கேட்டவர்களும், அவர்களிடம் பயின்ற ஆசிரியர்களும் கைமாற்றிக் கைமாற்றி நம்மிடம் கொண்டுவந்து சேர்த்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. (பட்டையின் வண்ணங்களும் அப்படித்தான். அவை தொன்மையான மரபு என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஐரோப்பாவில் ஜூடோ பரவிய காலத்தில் மாணவர்க்கு ஊக்கமூட்ட வந்த ஏற்பாடு அது.) போர்க்கலைப் பயிற்சி ஒருவனை மேலான மனிதனாக்குமா என்ற வினாவிற்கு 'ஆம்' என்பதே இந்நூலின் விடையெனக் கொள்ளப்பட்டுள்ளது. அவ்விடை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதே இங்கு நாம் காண வேண்டுவது.

முதலில் நூலின் வரலாறு. 1884-இல் பிறந்த ஹெரிகல், மாய்ஸ்டர் எக்ஹார்ட் முதலிய ஜெர்மானிய மறைஞானிகள்பால் இளமை தொட்டே ஈடுபாடு கொண்டவர். படித்துப் படித்தும் அந்த ஞானத்தின் வாயிற்படியைத் தாண்ட இயலவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. 1924-இல் ஜப்பானின் செண்டாய் நகரிலுள்ள தொஹோக்கு ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பிக்கும் பணி வாய்த்தபோது, ஜென்னை உயிருள்ள மரபாகவே காணலாம் என்று மகிழ்ந்து சென்றார். அயலார் ஒருவர் ஜென்னை நேராக அணுகுதல் அரிது, ஏதேனும் ஒரு கலையைப் படியாகக் கொள்க என்று அங்குள்ளோர் அறிவுறுத்தினர். அவர் மனைவி மலரமைப்பும் ஓவியமும் கற்கத் தொடங்கினார். இவர் வில்லைத் தேர்ந்தார். துப்பாக்கி சுட்டுப் பழகிய கை. வில் எளிதில் வசப்படும் என்பது அவர் கணக்கு. அக்கணக்கு எவ்வளவு பிழையானது என்பதைச் சொல்வதுதான் நூலின் முற்பகுதி. ஆசிரியராக அமைந்தவர் ஆவா கென்ஸோ. அவரிடம் முன்னரே பயின்றவரும், அதே பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவருமான கொமாச்சியா ஸோஸோ என்பவர் ஹெரிகலை அறிமுகம் செய்ததோடு, குருவுக்கும் சீடருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் நின்றார். இப்பெயரை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஜப்பானிய வில் எய்பவனின் உயரத்தை மிஞ்சியது. இரண்டு மீட்டருக்கும் அதிக நீளம் உடையது. அதன் பிடி நடுவில் இல்லை. மேலே இரண்டு பங்கும் கீழே ஒரு பங்குமாக அமைந்த இடத்தில் உள்ளது. நாணைக் கட்டைவிரலாற் கொளுவி, அதன்மேல் மற்ற விரல்களை மடக்கிப் பூட்ட வேண்டும். இதற்கெனக் கட்டைவிரற் பகுதி கெட்டியாக்கப்பட்ட தோலுறை அணிவர். வில்லைத் தலைக்குமேல் உயர்த்தி, இரு கைகளையும் விரித்தவாறே கீழே இறக்குகையில் வில் முழுதும் வளைய வேண்டும். உண்மையான இலக்கு 28 மீட்டர் தொலைவில் இருப்பது. ஆனால் புதிய மாணவனுக்கு அவ்விலக்கு இல்லை. கையெட்டும் தொலைவில் வைத்த வைக்கோல் உருளையே அவனுக்கு இலக்கு. அதில் தவறவிட ஒன்றுமில்லை. தவறவிட ஒன்றுமில்லாத இடத்தில் ஆண்டுக்கணக்காக எய்யச் சொல்வதன் உட்பொருள் என்ன என்று ஹெரிகல் முதலிற் குழம்பினார்.

வில்லை வளைக்கும்போது தோளும் கையும் நடுங்கின. மூச்சு முட்டியது. ஆவா தம் வில்லை வளைத்து நின்று, தம் கைத்தசையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வேலை ஏதும் செய்யாத தசையைப் போல் அது தளர்ந்து கிடந்தது. மாதங்கள் பல கழிந்து, ஹெரிகல் சோர்ந்த பின்னரே, பிழை மூச்சில் இருக்கிறது என்று குரு காட்டிக்கொடுத்தார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாகாதா என்று ஹெரிகல் கொமாச்சியாவிடம் கேட்க, தொடக்கத்திலேயே மூச்சுப் பயிற்சி தந்திருந்தால் அதன் அருமை உமக்குத் தெரிந்திராது, உம் முயற்சியாலேயே நீர் கரைகாணாமல் தவித்தபின் நீட்டிய கட்டைதான் உமக்குப் பயன்பட்டது என்னும் கருத்தில் அவர் விடையிறுத்தார். கற்பித்தல் என்னும் தொழிலைப் பற்றி இந்நூலில் உள்ள மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது என் துணிபு. நாமெல்லாம் பிள்ளைக்குக் கணக்கு வராவிட்டால் விடையை உடனே எழுதிக் காட்டிவிடும் பெற்றோர்கள்.

அடுத்து வந்தது நாணை விடுவிக்கும் கலை. விரல்களைத் தானே திறந்தால் அம்பு அதிர்கிறது. திறக்காவிட்டால் அம்பு போவதில்லை. பனியின் பாரத்தில் மெல்ல மெல்லத் தாழ்ந்து, திடீரெனப் பனி நழுவிவிழத் தான் அசையாதிருக்கும் மூங்கில் இலையைப்போல விடுவிப்பு நிகழ வேண்டும் என்பது குருவின் உவமை. ஹெரிகலால் அது ஆகவில்லை. ஆண்டுகள் சென்றன. கோடை விடுமுறையில் அவர் ஓர் உபாயம் கண்டுபிடித்தார்: கட்டைவிரலின்மேல் அழுத்திய விரல்களைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் ஒரு கட்டத்தில் நாண் தானே விடுபடுகிறது, பார்ப்பதற்கு வேண்டுமென்றே விட்டதாகத் தோன்றாது. விடுமுறை முடிந்து குருவின் முன் எய்து காட்டினார். குரு மீண்டும் எய்யச் சொன்னார். பிறகு ஒன்றும் பேசாமல் வில்லை வாங்கிக்கொண்டு, முதுகைக் காட்டி அமர்ந்துவிட்டார். ஏமாற்ற முயன்றான் என்பதே அதன் பொருள். கொமாச்சியா இடைநின்று பரிந்து பேசிய பிறகே சீடனை மீண்டும் ஏற்றனர்.

நாற்பது வயதைக் கடந்த ஒரு பேராசிரியர், தம் அறிவும் பதவியும் செல்லாத ஓர் இடத்தில் வைக்கோலுக்கு முன் நின்று தோற்றுக்கொண்டேயிருந்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இதில் பொய்யில்லை. நடையிலும் ஆரவாரம் இல்லை. நூல் இத்துடன் நின்றிருந்தால் அதன்மீது குறைகூற எனக்கு ஒன்றும் இராது.

ஆனால் நூல் புகழ்பெற்றது இதனால் அன்று. இதன்பின் வரும் இரண்டு நிகழ்ச்சிகளால். ஒருநாள் ஹெரிகல் எய்ததும், குரு பயிற்சியை நிறுத்தி, அந்த எய்தலுக்குத் தலைவணங்கினாராம். எய்தது ஹெரிகல் அல்லர், 'அது' எய்தது என்றாராம். 'அது' என்பது யாது? நான் என்னும் எண்ணம் அற்றபோது உள்ளிருந்து இயங்கும் ஏதோ ஒன்று. இந்த ஒரு சொல்லின்மேல்தான் நூலின் தத்துவம் முழுதும் கட்டப்பட்டுள்ளது. இரண்டாவது, இருட்டில் நடந்தது. இலக்கைப் பாராமலே எய்ய முடியும் என்ற குருவின் கூற்றை ஹெரிகல் ஐயுற, அவரை இரவில் வரச் சொன்னார் குரு. இலக்குக்கு முன் மணலில் ஊதுவத்தி போன்ற ஒரு மெல்லிய கொள்ளி. அதன் நுனிப்பொறி இலக்கைக் காட்டப் போதாது. குரு இரண்டு அம்புகள் எய்தார். விளக்கேற்றிப் பார்த்தால் முதல் அம்பு நடுப்புள்ளியில். இரண்டாவது அம்பு முதல் அம்பின் அடியைப் பிளந்துகொண்டு நின்றது. இதுவும் 'அது' செய்ததே என்பது நூலின் தீர்ப்பு.

ஜப்பானிய ஆய்வாளர் யமடா ஷோஜி இந்த இரு நிகழ்ச்சிகளையும் எடுத்துக்கொண்டு, 2001-இல் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையும் 2009-இல் விரிவான நூலும் வெளியிட்டார். அவர் கேட்ட கேள்வி மிக எளியது: இவை நடந்தபோது அருகில் இருந்தவர் யார்? இருட்டில் எய்தபோது குருவும் சீடரும் மட்டுமே இருந்தனர். மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஹெரிகலின் ஜப்பானிய அறிவு நுட்பமான தத்துவ உரையைத் தாங்கக் கூடியதன்று. பின்னாளில் கொமாச்சியா அந்த இரவைப் பற்றி ஆவாவிடமே கேட்டிருக்கிறார். அது தற்செயலாய் நேர்ந்தது, அப்படி ஒன்றைச் செய்துகாட்டும் எண்ணம் தமக்கு இருக்கவில்லை என்பதே ஆவாவின் விடை. இதனை 1940-ஆம் ஆண்டிலேயே கொமாச்சியா எழுதியும் வைத்தார். வில்லாளிகளுக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு: ஓர் அம்பின் அடியை மற்றோர் அம்பு பிளப்பது பெருமைக்குரியதாகக் கருதப்படுவதில்லை, நல்ல அம்பு ஒன்று வீணாயிற்றே என்பதுதான் அவர்கள் வருத்தம்.

'அது' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. ஆவாவின் பிற மாணவர்கள் எவரும் இப்படி ஒரு கோட்பாட்டை அவரிடம் கேட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. யமடாவின் ஊகம் இது: நன்றாக எய்த மாணவனைப் பார்த்து ஜப்பானிய ஆசிரியர் இயல்பாகச் சொல்லும் பாராட்டு ஒன்று உண்டு. 'இப்போது செய்தாயே, அதுதான்' என்ற அளவிற்கே அதற்குப் பொருள். அதிலுள்ள சுட்டுச்சொல்லை ஹெரிகல் எழுவாயாகக் கொண்டுவிட்டார்.

தமிழர்க்கு இதனை விளக்க வேண்டியதே இல்லை. பிள்ளை கணக்கைச் சரியாகப் போட்டதும் 'அதுதான்!' என்கிறோம். புதிதாகத் தமிழ் பயிலும் வேற்று மொழியாளர் ஒருவர், உபநிடதங்களையும் படித்தவராக இருந்து, இந்தச் சொல்லைக் கேட்டால் என்ன ஆகும்? கணக்கைப் போட்டது பிள்ளையன்று, பரம்பொருளே என்று தமிழர் நம்புகின்றனர் என ஒரு நூலே எழுதிவிடுவார்! இரண்டு மொழிகளுக்கிடையே கோப்புகளைக் கொண்டுசென்றே காலம் கழிக்கும் என் போன்ற எழுத்தர்களுக்கு இதில் வியப்பில்லை. 'பார்வைக்கு' என்று ஒரு மொழியில் எழுதியது மறுமொழியில் 'பரிசீலனைக்கு' என்றாகி, எவரும் கேளாத ஆணை ஒன்று பிறந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம். கொமாச்சியாவும் தம் பங்கை மறைக்கவில்லை. குரு ஒருநாள் சொன்னதற்கு மாறாக மற்றொருநாள் பேசும்போது, தாம் முழுவதையும் மொழிபெயர்க்காமல் இணக்கமாகத் தோன்றுமாறு சொன்னதுண்டு என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அயல்மொழி நடுவே வாழும் குடும்பங்களில், மருத்துவர் சொன்னதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லும் பேரப்பிள்ளை செய்வதும் இதுவே.

மற்றொன்று: ஆவா ஜென் துறவியிடம் முறையாகப் பயின்றவர் அல்லர். 1920-களில் அவர் தமக்கென வகுத்துக்கொண்டது எய்தலையே சமயமாகக் கொண்ட ஒரு தனி நெறி. ஜப்பானிய வில்லாளிகள் பலர் அதனை ஏற்கவில்லை. ஆக, ஹெரிகல் ஜென்னைத் தேடிச் சென்றார். கண்ட அனைத்தும் அவருக்கு ஜென்னாகத் தோன்றிற்று.

இதைப் படித்துவிட்டு மேல்நாட்டாரின் பேதைமையை எண்ணிச் சிரிப்பதற்கு முன் நாமும் சிறிது நிற்க வேண்டும். காஞ்சியிலிருந்து சென்ற பல்லவ இளவரசர் போதிதருமரே சீனத்து ஷாவோலின் மடத்தில் போர்க்கலைகளைத் தோற்றுவித்தார் என்பது நம் விழா மேடைகளில் கைதட்டல் பெறும் செய்தி. தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று பழைய சீன ஏடு ஒன்று அவரைக் குறிப்பது உண்மை; ஜென் மரபு அவரைத் தன் சீனத்து முதற்குருவாகப் போற்றுவதும் உண்மை. ஆனால் அவரைப் போர்ப்பயிற்சியோடு இணைக்கும் ஏடு, அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1624-ஐ ஒட்டித் தோன்றியதென ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். நாம் விரும்புவதைத்தான் நாமும் கேட்கிறோம்.

எனினும் யமடாவின் ஆய்வு நூலை அடியோடு வீழ்த்திவிட்டதாக நான் கருதவில்லை. மொழி தெரியாமல் கேட்டிருக்கலாம். மூச்சும் தசையும் பொய் சொல்வதில்லை. வைக்கோலுக்கு முன் கழிந்த ஆண்டுகள் உண்மையானவை. தன் முனைப்பு குறுக்கே நிற்பதைத் தன் விரல்களிலேயே உணர்ந்தவன் பெற்ற அறிவு, பிழையான ஒரு பெயரை அதற்குச் சூட்டியதால் இல்லாமற் போய்விடாது. தவறான முகவரி எழுதிய கடிதமும் சில வேளை உரியவரைச் சென்று சேர்வதுண்டு.

என் மறுப்பு வேறிடத்தில் உள்ளது. 1929-இல் ஹெரிகல் ஜெர்மனிக்குத் திரும்பி எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1937-இல் நாஜிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார். அந்த ஆட்சியின் கீழேயே உயர்ந்து, 1944-இல் அப்பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். போருக்குப்பின் நடந்த விசாரணையில், முன்னின்று கொடுமை செய்தவர் அல்லர், உடன் சென்றவர் என்ற வகையில் வைக்கப்பட்டார். இச்செய்தியை உலகறியச் செய்தவர் யூத மறைஞான ஆய்வில் பேரறிஞரான கெர்ஷோம் ஷோலெம். 1961-இல் 'என்கவுன்டர்' இதழில் அவர் இதை எழுதினார். ஹெரிகல் 1955-இலேயே மறைந்துவிட்டதால் விடை ஏதும் வரவில்லை. போர் முடிந்த மூன்றாம் ஆண்டில் வெளிவந்த அவர் நூலில், அந்த ஆண்டுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஒருவர் வாழ்க்கையைக் கொண்டு அவர் நூலை அளத்தல் முறையன்று என்று அன்பர்கள் கூறலாம். கவிதை நூலாயின் நானும் அவ்வாறே கூறுவேன். இந்நூல் அத்தகையதன்று. பயிற்சி என்னை மாற்றிற்று, நீங்கள் என்னைப் பழையவனாகக் காணமாட்டீர்கள் என்று சொல்லும் நூல் இது. குருவும் விடைபெறும் வேளையில் அவ்வாறே சொன்னதாக இதில் வருகிறது. மாற்றத்தைச் சான்றாகக் காட்டும் நூலிடம், எப்படி மாறினீர் என்று கேட்பது திறனாய்வின் கடமையாகும். வில் அவரை அக்கட்சிக்கு அழைத்துச் சென்றது என்று நான் சொல்லவில்லை. வில் அவரைத் தடுக்கவில்லை. அவ்வளவே.

ஏன் தடுக்கவில்லை? விடை நூலின் தத்துவத்திலேயே இருக்கிறது. 'எய்தவனிருக்க அம்பை நோவதேன்' என்பது நம் பழமொழி. எய்தவன் ஒருவன் உண்டு, அவனையே நோக வேண்டும் என்பது அதன் நீதி. ஹெரிகலின் கோட்பாட்டில் எய்தவனே இல்லை. 'அது' எய்கிறது. இலக்கு நடுவில் அம்பு தைத்தால் அவனுக்குப் பெருமை இல்லை என்பது அழகுதான். ஆனால் வைக்கோல் இலக்கின் இடத்தில் ஒரு மனிதன் நின்றால்? அப்போதும் எய்தவன் இல்லையா?

இந்தியராகிய நம்மிற் பலர் இந்நூலைப் படித்தவுடன், பயன் கருதாது செயலைச் செய் என்ற கீதையின் போதனையே இது என்று மகிழ்வதுண்டு. ஒற்றுமை மேற்போக்கானது. அர்ச்சுனன் வில்லைக் கீழே வைத்தான் என்பதிலிருந்துதான் கீதை பிறக்கிறது. எதிரே நிற்பவர்கள் பாட்டனும் குருவும் உறவினரும் என்று கண்டதால் அவன் வைத்தான். கண்ணன் கூறிய விடையை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் யாரை எய்கிறோம், ஏன் எய்கிறோம் என்னும் வினா அங்கே பதினெட்டு அத்தியாயத்திற்கும் காரணமாய் நிற்கிறது. செண்டாய் நகரத்து வில்லரங்கில் அவ்வினா எழவே இடமில்லை. அங்கே எதிரில் எவரும் இல்லை.

தனி ஒருவரின் கதையோடு இது முடிவதுமில்லை. 1895-இல் கியோட்டோவில் தோன்றிய போர்க்கலைப் பேரவை, 'வித்தை' என்றிருந்த கலைகளை 'வழி' என்று பொருள்படும் 'டோ' என்ற பெயரால் வழங்கச் செய்து நாடெங்கும் பரப்பியது. 1931-இல் வாட்பயிற்சியும் ஜூடோவும் ஜப்பானிய நடுநிலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாயின. தன்னை மற, தயங்காதே, விளைவை எண்ணாதே என்ற அதே போதனைகள் சீனத்திற்கும் பசிபிக்கிற்கும் அனுப்பப்பட்ட இளைஞர்களுக்கு ஊட்டப்பட்டன. போர் முடிந்தபின் 1946-இல் அப்பேரவை கலைக்கப்பட்டது. ஜென் மடங்கள் போருக்குத் துணைநின்ற வரலாற்றை, ஜென் துறவியாகிய பிரையன் விக்டோரியாவே 1997-இல் நூலாக எழுதினார். அடங்கிய மனம் நல்ல கருவி. அதை எடுத்தாள்பவன் யாரென்பது வேறு கேள்வி.

அப்படியாயின் நம் பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிடலாமா? வேண்டாம். ஹெரிகலுக்கு முன்பே இதனைத் தெளிவாகச் சிந்தித்த ஒருவர் ஜப்பானிலேயே இருந்தார். ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவின் எழுத்தும் பணியும் நம் நாட்டில் ஹெரிகலின் அளவிற்குப் பேசப்படாதது எனக்குக் குறையாகவே படுகிறது. ஒருவேளை அவரிடம் மருமம் ஏதும் இல்லாமையே காரணமாகலாம். அவர் முனிவர் அல்லர், பள்ளி நடத்தியவர். டோக்கியோவில் ஆசிரியர்களை உருவாக்கும் உயர்கல்லூரியின் தலைவராகப் பல்லாண்டு இருந்தவர். சிறுவயதில் உருவில் சிறியவராக இருந்து வலியவர்களிடம் அடிபட்டதனால் பழைய மற்கலையைக் கற்கப் புகுந்தார். 1882-இல், தம் இருபத்திரண்டாம் வயதுக்குள், டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில் பன்னிரண்டு பாய்கள் விரித்த இடத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களுடன் தம் பள்ளியைத் தொடங்கினார்.

அவர் வகுத்த கொள்கைகள் இரண்டு. உள்ள ஆற்றலை மிக நல்ல முறையில் பயன்படுத்துதல் என்பது ஒன்று. தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதல் என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் ஹெரிகலும் அதற்குள் அடங்குவார். இரண்டாவதில்தான் வேறுபாடு. ஜூடோவைத் தனியே பயில முடியாது. உன்னை வீழ்த்தட்டும் என்று தன் உடலை உன்னிடம் ஒப்படைக்கும் ஒருவன் எதிரே வேண்டும். ஆதலால் முதற்பாடம் வீழ்த்துவதன்று, விழுவது. கையால் பாயை அறைந்து, தலையைக் காத்து, அடிபடாமல் விழப் பல வாரம் பழக வேண்டும். பிறகு பிறனை வீழ்த்தும்போதும், அவன் சட்டைக் கையை விடாமற் பற்றி, அவன் தலை தரையில் மோதாதபடி தாங்க வேண்டும். பற்றிய கையை விட்டுவிட்டால் எறிந்தது சரியாக இருந்தாலும் ஆசிரியர் கடிந்துகொள்வார். இங்கே எய்தவனும் உண்டு, எய்யப்பட்டவனும் உண்டு. அடுத்த முறை இடம் மாறிக்கொள்வர்.

கானோவும் குற்றமற்ற காலத்தில் வாழ்ந்தவர் அல்லர். 1931-இல் பள்ளிகளில் கட்டாயமாக்கப்பட்டு, படைக்கு இளைஞரைத் தயாரிக்கும் கருவியானவற்றுள் அவர் கலையும் ஒன்று என்பதை மேலே கண்டோம். அவர் 1938-இல், கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்திலிருந்து திரும்புகையில் கப்பலிலேயே காலமானார். போரின் முடிவைக் காண அவர் இல்லை. எந்தக் கலையும் தன்னளவில் காப்பு ஆகாது என்பதற்கு ஜூடோவும் விலக்கன்று. ஆயினும் மற்றவனின் தலையைத் தாங்கும் பழக்கம் கலையின் அசைவிலேயே வைக்கப்பட்டிருப்பது சிறு பொருளன்று. அது உரையில் இல்லை, கையில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே நாடு கடந்து செல்லக்கூடியது.

1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் ஜப்பானின் அகியோ கமினாகாவும் நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்கும் மோதினர். ஜப்பானியர் தம் சொந்தக் கலையில், தம் தலைநகரில், தம் மக்கள் முன்னிலையில் தோற்றனர். ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீடித்த போட்டியின் முடிவில் கமினாகாவைக் கீசிங்க் தரையில் அழுத்திப் பிடித்து வென்றார். அரங்கம் வாயடைத்துப் போயிருந்த அந்த நொடியில், நெதர்லாந்து நாட்டவர் சிலர் மகிழ்ச்சி தாங்காமல் பாயை நோக்கி ஓடிவந்தனர். கீசிங்க் எழுவதற்கு முன்பே கையை உயர்த்தி அவர்களை நிற்கச் சொன்னார். அவர்கள் நின்றனர். அதன்பின் அவரும் கமினாகாவும் உடை திருத்திக்கொண்டு, எதிரெதிரே நின்று, ஒருவரையொருவர் வணங்கினர்.